நோபேட் நம்பாத லேபல்கள்

நோபேட்டைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் என் ஆயுளில் கண்டதில்லை. புளியந்தீவில் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தான். பாண் வாங்கினால் நிறுத்துப் பார்ப்பான். டாக்டர் காய்ச்சல் என்று சொன்னால் டாக்டருடைய வெப்பமானியைச் சந்தேகிப்பான். அவனோடு நாற்பது வருடம் சிநேகிதம் வைத்திருந்த எனக்குத்தான் மெடல் தர வேண்டும்.

அவனிடம் ஒரு பெட்டி நிறைய இங்கிலாந்து இசைத்தட்டுகள் இருந்தன. யாரோ ஒரு துரை நாடு திரும்பும்போது அவன் தகப்பனிடம் கொடுத்துவிட்டுப் போனவை. எல்லாம் ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் நடன இசை. லேபலில் வாத்தியக் குழுவின் பெயரோடு ஒரு லண்டன் ஹோட்டலின் பெயரும் இருக்கும்.

“மேர்வின், இது ஹோட்டலில பதிஞ்சதில்ல” என்றான் ஒருநாள் என்னிடம்.

“உனக்கென்னடாப்பா தெரியும்? நீ லண்டனக் கண்டனியா?”

“எத்தின கலியாண வீட்டுக்கு ஸ்பீக்கர் கட்டியிருக்கன். ஆக்கள் தின்னுற இடத்தில கரண்டிச் சத்தம் கேக்காதா? ஆடுற இடத்தில சப்பாத்துத் தேயாதா? பொய்க்காரனுகள்!”

அதோடு விட்டானா? எந்த ஹோட்டல், எந்த மண்டபம், எந்தத் தெரு என்று கேட்டு லண்டனுக்குக் கடிதம் எழுதினான். அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, யுத்த காலம். சோதனைச் சாவடியில் கடிதத்தைப் பிரித்தவர்கள், லண்டன் கட்டடங்களில் உனக்கென்ன அலுவல் என்று அரை நாள் இருத்தி வைத்து விசாரித்தார்கள். பிறகு இசைத்தட்டுச் சேகரிக்கிற ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பதில் வந்தது. ஹோட்டலின் பெயர் குழுவுக்குத்தானாம். பதிவெல்லாம் பெரும்பாலும் கம்பனி ஸ்டூடியோவிலும் வாடகை மண்டபங்களிலும் நடந்ததாம். அவற்றில் ஒன்று மெதடிஸ்த சபையின் மண்டபம்.

“பாத்தியா, ஆட்டப் பாட்டுக்கு இடம் குடுத்தது, ஆட்டம் பாவமெண்டுற உங்கட சபைதான்!” என்று மெதடிஸ்தனான என்னை ஒரு மாதம் வைத்து வாங்கினான். அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலில் பாட்டுக் குழுவில் பாடுகிற அவன் மனைவி பீற்றிஸ்தான் என்னைக் காப்பாற்றினாள்.

அந்தப் பீற்றிஸ், இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், கடற்கரையோரம் டச்பாரிலுள்ள தங்கை வீட்டுக்குக் கேக் கொண்டு போனாள். கடல் வந்தது. தங்கையின் உடல் கிடைத்தது. பீற்றிஸ் கிடைக்கவில்லை. மரணச் சான்றிதழுக்கு எழுதச் சொல்லி வந்த கிராம சேவகரிடம், “பிரேதத்தக் காட்டுங்க, கையெழுத்துப் போடுறன்” என்றான் நோபேட். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவனுடைய சந்தேகம்தான் அவனை நடமாட வைத்திருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்தது. நோபேட்டின் மகள் டினோஷாவுக்கு ஆவணியில் கலியாணம் என்று பேசினோம். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும்போது சண்டை தொடங்கியது. தாயின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போட வேண்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். நோபேட் மறுத்துவிட்டான். மாதிரித் தாள் மேசையிலேயே கிடந்தது.

அந்த நேரம் பார்த்து டினோஷா ஒரு சீடியோடு ஓடி வந்தாள். யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கு உதவுகிற யாரோ ஒரு அமைப்பு வெளியிட்டது. ‘வன்னி மக்கள் முகாமில் பாடிய கீதங்கள், 2009’ என்று உறையில் போட்டிருந்தது. நாலாவது பாட்டில் ஒரு பெண் தனியே இரண்டு அடி பாடினாள். சத்தியமாகப் பீற்றிஸ்.

“அம்மா இருக்கிறா அப்பா! கடல் இழுத்ததுக்குப் பிறகு ஆரும் வன்னிக்குக் கூட்டிப் போயிருப்பாங்க. நான் தேடப் போறன். அம்மா வராம எனக்குக் கலியாணம் வேணாம்!”

நோபேட் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டான். ஆறாம் தடவை முகம் செத்துப்போயிற்று.

“இது முகாமில்ல மகள். கூடாரத்தில இப்பிடி எதிரொலி வராது. எங்கட கோயில்.”

“உங்களுக்கு அம்மாட குரலயும் நம்பேலாதா?” என்று கத்தினாள் பிள்ளை.

“குரல் அம்மாடதான். பின்னால ஃபேன் ஒண்டு டக் டக்கெண்டுது, கேளு. கோயில்ல பாட்டுக்காரர் நிக்கிற இடத்து ஃபேன். அம்மாட கரைச்சல் தாங்காம, கடல் வந்த வருசம் பெரிய வெள்ளிக்கு முதல் நான்தான் ஏறித் திருத்தினன். அதுக்கு மறுகா அது சத்தம் போடல்ல. இது அதுக்கு முந்திப் பதிஞ்சது. பழைய பாட்டில புது லேபல ஒட்டியிருக்கிறானுகள்.”

டினோஷா தரையில் விழுந்து அழுதாள். நாலரை வருடமாக அழாத அழுகை அது. இனி இவளும் தேடித் திரியக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ, நோபேட் மேசையில் கிடந்த மாதிரித் தாளை இழுத்து, பீற்றிஸின் பெயருக்கு முன்னால் அந்த ஒரு சொல்லை எழுதினான். எழுதி முடித்துவிட்டு என் கையைப் பிடித்தான்.

“மேர்வின், நான் சொல்லுறது பிழையெண்டு ஒருக்காச் சொல்லன்.”

நாற்பது வருடமாக அவன் வாய் திறந்தாலே பிழை என்று சொன்னவன் நான். அன்றைக்கு எனக்குச் சொல்ல வரவில்லை.