நாலாவது கரண்டி

தேவயானிக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, பல்லைக் கடிப்பாள். ஐந்து வருஷமாகக் கடித்ததில் கடைவாய்ப்பல் இரண்டு ஆட்டம் கண்டுவிட்டன. பின்னே என்ன? மகள் கோகிலவாணிக்குப் பிறவியிலேயே கைகால் விறைப்பு, கழுத்து நிற்காது. ஐந்து வயதில் எட்டுக் கிலோ. வாயில் எதை விட்டாலும் இருமல், புரையேறல், அப்புறம் நெஞ்சுச்சளி, காய்ச்சல். மலையிலிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை தூக்கி ஓடியாயிற்று.

எடை போடுகிற இடத்திலெல்லாம் திட்டு இவளுக்குத்தான். ஒரு வேளை ஊட்ட ஒன்றரை மணி நேரம் ஆகிறது, புளியமரம் உலுக்கும் கூலிவேலைக்குப் போகக்கூட முடியவில்லை என்று சொன்னால் காது கொடுக்க ஆளில்லை. மலைப்பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார் ஒருவர். கஞ்சியை இன்னும் நீர்க்கக் கரைத்து ஊற்று என்றார் இன்னொருவர். அப்படியே செய்தாள். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் மல்லாத்தி, சாமைக்கஞ்சியைச் சங்கால் புகட்டினாள். அந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படிக் குடித்து வளர்ந்தவைதான்.

இந்த மாதம் ஊரில் எடை போடும் மருத்துவ முகாமுக்கு அடிவாரத்திலிருந்து ரெபேக்கா என்று புதிதாக ஒரு சிகிச்சையாளர் வந்தாள்; இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஊட்டும் முறை சொல்லித்தருபவள். எடைச் சீட்டைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள்.

"வூட்ல எப்படி ஊட்டுவீங்களோ அப்படியே ஊட்டுங்கக்கா. நான் பாக்குறேன்."

இப்படி ஒருவரும் கேட்டதில்லை. கொண்டுவந்த கஞ்சியைத் தேவயானி புகட்டினாள். இரண்டாவது சங்கிலேயே இருமல்.

"போதும்க்கா. படுக்கவெச்சி தண்ணியா ஊத்தினா இவளுக்கு மூச்சுக்குழாய்க்குள்ள போவுது. சளி பனியால வர்ல, கஞ்சியால வருது."

தேவயானி சங்கைக் கீழே வைத்தாள். அந்த நாலு காய்ச்சலையும் தன் கையாலேயே ஊற்றியிருக்கிறாள்.

ரெபேக்கா பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைத் தாங்கி, முகவாயைச் சற்றே தாழ்த்திப் பிடித்தாள். கஞ்சியில் சத்துமாவைக் கலந்து கெட்டியாக்கி, கரண்டி நுனியில் கொஞ்சமாகக் கொடுத்தாள். விழுங்கும்வரை காத்திருந்தாள். மூன்று கரண்டி இறங்கியது. இருமல் இல்லை.

"இதோட முடியாதுக்கா. எப்படி முழுங்குறான்னு பாக்குற டெஸ்ட் ஒண்ணு எடுக்கணும், மாசாமாசம் வரணும்."

பக்கத்து மேசையில் எடை போட்ட, வருஷக்கணக்காக இவளைத் திட்டிவரும் நர்ஸ் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "இனிமேலாவது புள்ளைக்கு ஒழுங்கா ஊட்டு."

தேவயானி பல்லைக் கடிக்கவில்லை.

"அஞ்சு வருசமா திட்டினியே, ஒரு வேள நான் ஊட்டறத நின்னு பாத்தியா நீ?"

கோகிலவாணி வாயைத் திறந்தபடி நாலாவது கரண்டிக்குக் காத்திருந்தாள்.