கல்யாண லைட்டும் கேக் அடுப்பும்

எங்கள் தெருவில் கப்பலுக்குப் போகும் ஆண்கள் லீவில் வரும்போது பெண்டாட்டிக்கு நைலக்ஸ் சேலை, சென்ட் பாட்டில், மிஞ்சிப்போனால் டேப் ரெக்கார்டர் கொண்டுவருவார்கள். இன்ஜின் ரூமில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து எனக்கு ஓர் அடுப்பு கொண்டுவந்தார். மின்சார அடுப்பு. மேலே சமைக்க நான்கு இரும்புத் தட்டு, கீழே கண்ணாடிக் கதவு போட்ட ஓவன், உடம்பெல்லாம் பால் வெள்ளை. ஹார்பரிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கியதும், குசினி வாசல் நிலையைக் கழற்றித்தான் அதை உள்ளே கொண்டுபோக முடிந்தது. மாமனார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பொட்டிக்குள்ள பொணமாலே கொண்டு வந்திருக்க?" என்று மகனைக் கேட்டார். அன்றிலிருந்து அவர் வாயில் அது பெட்டிதான்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. முதல் வாரம் முழுக்க அதைத் துடைத்துக்கொண்டே இருந்தேன், துடைக்க ஒன்றுமே இல்லாதபோதும்.

பிறகு துடைக்க வேண்டிய காரணமும் வந்தது. தூத்துக்குடி உப்புக்காற்று துணிக்கொடிக் கம்பியைத் தின்று, ஜன்னல் கம்பியைத் தின்று, கடைசியில் பீரோவுக்கு வரும். என் அடுப்பு அதற்குப் பலகாரம். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் காய்ந்த துணியால் துடைப்பேன். கதவுக் கீலுக்குக் கோழி இறகால் தையல் மிஷின் எண்ணெய் தொட்டு வைப்பேன். தட்டு சூடாக இருக்கும்போது ஈரப் பாத்திரத்தோடு யாராவது பக்கத்தில் வந்தால் கத்துவேன். இவர் லீவில் வந்ததும் டார்ச் அடித்து அடுப்பின் முதுகுப்பக்கம் வரை சோதனை போடுவார். "என் மூஞ்சிய என்னைக்காவது இப்படி உத்துப் பாத்திருக்கியளா?" என்று கேட்டால், "அதுல துரு பிடிக்காதுல்லா" என்பார். அந்த மனுஷனிடம் கோபப்பட்டும் பிரயோஜனமில்லை.

அடுப்பில் ஒரே ஒரு கெட்ட பழக்கம். ஓவனைப் போட்டால் கரண்ட்டை மொத்தமாகக் குடித்துவிடும். அடுத்த வீட்டு ஃபேன் தள்ளாடும், எதிர் வீட்டு டியூப் லைட் கண் சிமிட்டும். உடனே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "மைனி, இன்னைக்குக் கேக்கா?" என்று குரல் வரும். ஃபேன் மெதுவாகச் சுற்றிய வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு அனுப்புவதை நான் வழக்கமாக்கிவிட்டேன். சண்டைக்கு வரவேண்டியவர்கள் தட்டோடு வந்தார்கள்.

இப்படி இருக்கும்போது என் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை புன்னைக்காயல். எங்கள் வேதக்கோயில் கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் கேக் வெட்டுவார்கள். அந்தக் கேக்கைப் பேக்கரியில் சொல்லிவிடலாம் என்றார் மாமனார். எனக்குச் சுருக்கென்றது. "நம்ம வீட்ல ஓவன வச்சிக்கிட்டு கடைல வாங்கவா மாமா? நான் போடுதேன்" என்றேன். அவர் பதில் சொல்லுமுன் நாத்தனார், "எனக்கு மைனி போட்ட கேக்குதான் வேணும்" என்று சொல்லிவிட்டாள். அப்படியானால் கல்யாண லைட் தன் பொறுப்பு என்றார் மாமனார். தெருமுனையிலிருந்து வாசல் வரை சீரியல் பல்பு, டியூப் லைட் வளைவு, ஒலிபெருக்கி என்று ரேடியோ செட்காரரிடம் சொல்லி வைத்தார். பெட்டிக்குப் போட்டியாகத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானமே கேக்கைப் போட்டிருப்பேன். மத்தியானம் பூராவும் கரண்ட் இல்லை. வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் கல்யாணச் சேலையோடு வரும் நேரம். ஓவனைப் போட்டுவிட்டு முட்டையை அடித்து, மாவு கலந்து, பெரிய தட்டில் ஊற்றித் தயாராக வைத்தேன். ஓவனுக்கு ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு உண்டு. சூடு ஏறும் வரை எரியும், சரியான சூடு வந்ததும் அணையும். அணைந்த பிறகுதான் கேக்கை உள்ளே வைக்கவேண்டும்.

விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. ஓவனுக்குள் கையை நீட்டிப் பார்த்தேன். குளிர் காயலாம், அவ்வளவுதான். வெளியே ரேடியோ செட்காரர் சீரியல் பல்பைப் போட்டதும் ஆரஞ்சு விளக்கே மங்கிப்போனது.

கல்யாணத்துக்கு லீவில் வந்திருந்த இவர் வந்து பார்த்தார். "வோல்டேஜ் இல்ல. அப்பா போட்ட லைட்டெல்லாம் கரண்ட்ட இழுக்கு" என்றார். தட்டில் மாவின் மேல் நுரை அடங்கத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் கேக் எழும்பாது, அடைதான் வரும். பேக்கரியில் அந்த நேரத்துக்குக் கல்யாண கேக் கிடைக்காது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் வாய்க்கொழுப்புக்கு அந்தப் பிள்ளை நாளைக்கு வெறும் மேசை முன்னால் நிற்க வேண்டுமே.

நாத்தனார் பாதி பின்னிய சடையோடு குசினிக்குள் வந்தாள். விளக்கைப் பார்த்தாள், மாவைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். நேரே வாசலுக்குப் போய், செட்காரரிடம், "அண்ணாச்சி, லைட்ட அணைங்க" என்றாள்.

மாமனார் பதறிப்போனார். "ஏளா, கிறுக்கா பிடிச்சிருக்கு? மாப்பிள்ள வீட்டுக்காரன் வார நேரம். கல்யாண வீடுன்னு நெனைப்பானா, எழவு வீடுன்னு நெனைப்பானா?"

"லைட்ட நாளைக்குக் கழட்டிருவாங்கப்பா. கேக்கு இல்லாத கல்யாணம்னு ஆயுசுக்கும் சொல்லுவாங்க."

மாமனார் அந்த வளைவை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். ஊரே பார்க்கவேண்டும் என்று போட்டது. இன்னும் யாரும் பார்க்கவில்லை. "அணைலே" என்று செட்காரரிடம் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பி நின்றார்.

வாசல் இருண்டது. ஓவன் விளக்கு பளிச்சென்று ஏறியது, ஆனால் அணையவில்லை. அப்போது அடுத்த வீட்டுக்காரி, "மைனி, எங்க வீட்லயும் அணைக்கேன்" என்று குரல் கொடுத்தாள். எதிர் வீடு அணைந்தது. அதற்கடுத்த வீடு அணைந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. தின்ற கேக்கின் நன்றியோ, நாளைக்குத் தின்னப்போகிற கேக்கின் ஆசையோ, தெரு முழுக்க இருட்டாயிற்று. இருட்டில் பெண்களெல்லாம் எங்கள் குசினிக்கு வந்துவிட்டார்கள். ஓர் ஆரஞ்சுப் புள்ளியைச் சுற்றி அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். இருட்டில் தட்டுகளோடு தடுமாறி, "என்ன, கரண்ட் இல்லையா?" என்று யாரோ கேட்டது ஜன்னல் வழியாகக் கேட்டது. மாமனார் என்ன சொல்லப்போகிறாரோ.

"கரண்டெல்லாம் இருக்கு. குசினியில இருக்கு" என்றார் மாமனார். "மருமவ கேக்கு போடுதா. உள்ள வாங்க."

பெட்டி என்று சொல்லவில்லை. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சத்தியமாகச் சந்தோஷத்தில்தான்.

ஆரஞ்சு விளக்கு பட்டென்று அணைந்தது. குசினியே கை தட்டியது. ஒரு விளக்கு அணைந்ததற்குக் கை தட்டிய கல்யாண வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். மாவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். அதன்பிறகு அரிக்கேன் வெளிச்சத்தில் சேலையைப் பிரித்துப் பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள். மாமனார் வீட்டு லைட் சுவிட்ச் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். யாரும் கை வைத்துவிடக்கூடாதாம். செட்காரர் நடு நடுவே வந்து, "அண்ணாச்சி, இப்பப் போட்டுரவா?" என்று நச்சரித்தார்.

"என்னட்ட என்னலே கேக்க? மருமவட்ட கேளு."

முட்டையும் ஏலமும் வேகும் வாசனை குசினியைத் தாண்டி, பந்தலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. ஊசியை விட்டுப் பார்த்தேன். சுத்தமாக வந்தது. ஜன்னலுக்கு ஓடி, எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவு சத்தத்தில், "போடுங்க!" என்று கத்தினேன்.

மாமனார் சுவிட்சைப் போட்டார். செட்காரர் தன்னுடையதைப் போட்டார். வீடு வீடாக எல்லோரும் போட்டார்கள். வளைவும் சீரியலும் வாசல் விளக்குகளும் ஒன்றாக எரிந்தன, ஒலிபெருக்கி பாதிப் பாட்டில் அலறியது. மாப்பிள்ளை வீட்டார் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்கள். மாமனார் ஆசைப்பட்டதற்கு மேலேயே அவருக்குக் கிடைத்தது.

அந்த வெளிச்சத்தில்தான் கேக்கை நான் ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. நான் வாயைத் திறக்குமுன் நாத்தனார் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எழும்பிட்டு மைனி!"