ஜெபத்தில் கிடைத்த மெட்டு

நீங்கள் ஒரு திருடர், மாஸ்டர். எங்கள் றப்பர் தோட்டத்து மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர் நீங்கள். அந்தக் குழுவுக்குக் கீபோர்ட் வாசித்தவன் நான். எங்கே திருடினீர்கள், யாரிடம் திருடினீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மழை பெய்தால் மரத்தில் பால் வெட்டும் வேலை இல்லை. அதனால் எங்கள் குழுவுக்குப் பயிற்சி எப்போதும் மழை நாளில்தான். சினிமா மெட்டில் பாட்டுக் கட்டக் கூடாது என்று ஃபாதர் சொல்லிவிட்டதால், கேகாலையில் நடக்கும் கரோல் போட்டிக்குப் புது மெட்டு இல்லாமல் தவித்தீர்கள். நான் சும்மா இருந்த நேரத்தில் எனக்குப் பிடித்த ஒரு மெட்டை மெதுவாக வாசித்தேன். ஓடி வந்தீர்கள்.

"எந்தப் படத்துப் பாட்டுடா இது?"

"படம் இல்லைங்க மாஸ்டர். வெள்ளைக்காரங்க பேண்ட் ஒண்ணு."

"அப்ப ஒருத்தனுக்கும் தெரியாது. வாசி, வாசி."

அது இங்கிலாந்துக் குழு. மூன்று பேர். டிரம் அடிக்க ஆள் கிடைக்காமல் மெஷினைத் தட்டவிட்டு, இரண்டு பேர் சின்தசைசர் வாசிக்க, ஒருவர் பாடினார். பாடியவர் ஆண்களை விரும்பியவர். பாட்டில் வரும் காதலனைக் காதலியாக மாற்று, நன்றாக விற்கும் என்று கம்பெனிக்காரர்கள் கேட்டார்களாம். முடியாது என்றார். ரேடியோவில் அவர்களைக் கேலி செய்தார்கள். ஆட்ட மண்டபங்களில் அந்தப் பாட்டுக்குத்தான் சனம் ஆடியது. பிறகு எய்ட்ஸ் நோய் பரவியது. நண்பர்களைப் புதைத்துவிட்டு வந்து மேடையேறியதாக ஒரு பேட்டியில் சொல்கிறார். குழு சண்டையில் உடைந்தது. இப்போது வழுக்கையும் தொப்பையுமாகத் திரும்பச் சேர்ந்து அதே பாட்டைப் பாடுகிறார்கள். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

இதையெல்லாம் யூடியூபில் பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கீபோர்ட் பழகியதும் அவர்களிடம்தான்.

அந்த மெட்டுக்கு நீங்கள் பாலன் பிறந்த கதையை எழுதினீர்கள். முதல் இடம் கிடைத்தது. மெட்டு யாருடையது என்று மேடையில் ஃபாதர் கேட்டார். நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன்.

"என்னோடதுங்க ஃபாதர். ஜெபத்துல கெடைச்சிச்சு."

வாயை மூடிக்கொண்டேன். கப் தோட்டத்துக்குத்தானே வருகிறது என்று நினைத்தேன்.

அடுத்த மழை நாளில், கீபோர்ட் மேல் இருந்த என் போனை எடுத்துப் பார்த்தீர்கள். அந்த இங்கிலாந்துப் பாடகர் மேடையில் தன் துணைவருக்கு முத்தம் கொடுக்கும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"நீயும் இந்தக் கேசுதானா?"

"ஆமாங்க மாஸ்டர்."

குழுவில் பாடுகிற, எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருக்கிற அக்கா ஒருத்தி மட்டும், "அதுக்கு என்ன மாஸ்டர்? கை நல்லாத்தானே வாசிக்குது?" என்றாள்.

"அந்தக் கை பீடத்துப் பக்கம் படக் கூடாது" என்றீர்கள். கீபோர்ட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினீர்கள். இப்போது பென் டிரைவில் பாட்டுப் போடுகிறீர்கள். அதில் இருப்பது நான் வாசித்துப் பதிந்தது. நான் கோயிலில் கடைசி வாங்கில் உட்கார்ந்து என் வாசிப்பையே கேட்கிறேன்.

அதனால்தான் குழு வீடு வீடாகக் கரோல் பாடி வரும் நாளுக்காகக் காத்திருந்தேன். ருவான்வெல்லை கடையில் ஸ்பீக்கர் ஒன்று வாங்கி, எங்கள் லயத்து வாசலில் வைத்தேன். குழு வந்தது. பரிசு வாங்கிய பாட்டைப் பாடி முடித்து, பிளேன்டீக்கு நின்றீர்கள். நான் போனை அழுத்தினேன்.

முதல் வரியிலேயே எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. பெண்கள் தங்களை அறியாமல் பாலன் பாட்டைக் கூடவே பாடினார்கள். பொருந்தாத இடம் ஒன்றுகூட இல்லை.

"மாஸ்டர், நம்ம பாட்டு இங்கிலீஷ்ல வந்திருச்சு!" என்று அக்கா கத்தினாள்.

உங்கள் முகத்தை அப்போது பார்த்தேன். அதைப் பார்க்கத்தான் ஸ்பீக்கரே வாங்கினேன்.

"நம்ம போட்டி வீடியோவப் பாத்துத் திருடியிருக்கானுங்க" என்றீர்கள்.

"இது நீங்க தொட்டில்ல கெடந்தப்ப பாடினதுங்க மாஸ்டர்" என்று போனை நீட்டினேன். மங்கலான பழைய வீடியோ. பாடகரின் தலை நிறைய முடி.

"அப்ப மாஸ்டர் தொட்டில்லயே ஜெபம் பண்ணியிருக்காரு" என்றாள் அக்கா. லயமே சிரித்தது. நீங்கள் டீயைக் குடிக்காமல் இறங்கிப் போனீர்கள்.

அதற்கு அடுத்த ஞாயிறு, சாத்தானின் பாட்டைக் கேட்கிறவனோடு சேராதீர்கள் என்று மைக்கில் சொன்னீர்கள். சொல்லிவிட்டு, அதே மெட்டைப் பாட வைத்தீர்கள். அக்கா பாடவில்லை. அவளையும் குழுவை விட்டு எடுத்துவிட்டீர்கள்.

எனக்கு மன்னிப்பு வேண்டாம். மன்னிக்கிற எண்ணமும் இல்லை. நான் எப்படிப்பட்டவன் என்று உங்கள் முன்னால் ஒளிக்காமல் சொன்னேன். அந்தப் பாடகர் உலகத்துக்கே சொன்னார். பொய் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்.

வரும் ஞாயிறு பூசை முடிந்து அறிவித்தல் வாசிக்கும்போது அதே மைக்கைப் பிடியுங்கள். ஃபாதர் இருக்கட்டும், சனம் இருக்கட்டும். நான் முதல் வாங்கில், ஸ்பீக்கரோடு இருப்பேன். அந்த மெட்டு யாருடையது? பென் டிரைவில் வாசிப்பது யாருடைய கை? சொல்லுங்கள், மாஸ்டர்.