ஸ்வெட்டருக்குள் வைத்த கேமரா

கொடைக்கானல் ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களைப் படம் பிடித்து, நாயுடுபுரத்து வீட்டில் பிரிண்ட் போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. எடுப்பது நான். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பரு, கரும்புள்ளி எல்லாவற்றையும் அழித்து டச்சப் செய்வது என் மனைவி. பிலிமுக்கு முழுக்குப் போட்ட வருஷம், மதுரைக் கடைக்காரர் இரண்டு டிஜிட்டல் கேமராக்களைக் கொடுத்தனுப்பினார். எது தெளிவோ அதை வைத்துக்கொண்டு, மற்றதைச் சாயங்கால பஸ்ஸில் திருப்பி அனுப்ப வேண்டும்.

கறுப்புக் கேமராவைக் கையில் வாங்கியதுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் சோதித்துப் பார்க்க ஒரு முகம் வேண்டுமே. பிரசவத்துக்குப் பிறகு கன்னத்தில் மங்கு விழுந்ததிலிருந்து என் மனைவி கேமரா முன்னால் நின்றதில்லை. அன்று கெஞ்சிக் கூத்தாடி ஏரிக்கரைக்கு அழைத்துப் போனேன்.

"வெரசா எடுங்க, வீட்டுல சோலி கெடக்கு" என்று விறைத்துக்கொண்டு நின்றாள்.

நல்ல பனிமூட்டம். கறுப்புக் கேமராவை மட்டும், பிலிம் காலத்துப் பழக்கத்தில், ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு அணைத்து வைத்தேன். முதலில் வெள்ளிநிறக் கேமராவில் எடுத்தேன். அதைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, கறுப்பை வெளியே எடுத்து உடனே கிளிக் செய்தேன்.

வீட்டில் இரண்டு படங்களையும் அருகருகே திறந்தோம். வெள்ளிநிறக் கேமராவில் மங்கு ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம். கறுப்பில் கன்னம் வழுவழுவென்று இருந்தது. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இதையே வச்சுக்கிருவோங்க."

அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அவளுக்குப் பின்னால் நின்ற படகின் நம்பரும் அல்லவா கரைந்துபோயிருந்தது. பனியில் குளிர்ந்திருந்த லென்ஸில் என் உடம்பின் ஆவி படிந்திருக்கிறது. இத்தனை வருஷம் கேமரா பிடித்த மடையன் நான்! உண்மையைச் சொன்னேன். அவள் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றாள். கறுப்பின் லென்ஸைத் துடைத்துவிட்டு, அங்கேயே அவளை மறுபடி எடுத்தேன்.

மங்கு அப்படியே வந்திருந்தது, மற்றக் கேமராவை விடத் தெளிவாக. அவள் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

வழக்கம்போல் அவள் கை மவுஸுக்குப் போனது. அழிக்கத் தொடங்குமுன் நின்றது.

"தெனமும் நீங்க பாக்குறது இந்த மூஞ்சியத்தானா?"

"ஆமா."

"பாத்துட்டுத்தான் இப்படிப் பின்னாலயே சுத்துறீங்களா?"

"ஆமாங்கிறேன்ல."

"அப்ப இருக்கட்டும்" என்றாள். ஒரு புள்ளியையும் தொடாமல் அதைப் பெரிய சைஸில் பிரிண்ட் போட்டாள்.