வேலிக்கு வெளியே ஒரு சபை

டயிலெசி செத்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம். அக்டோபர் மாதம், மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த வெக்கையில் பிணம் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் புதைத்தாக வேண்டும். ஆனால் புதன்கிழமை வெயில் உச்சிக்கு ஏறும் நேரமாகியும் காலுமோ ஊர்க்காரன் ஒருவன்கூட மண்வெட்டியைக் கையில் எடுக்கவில்லை.

சாவு விழுந்தால் அந்த ஊரில் அடுப்புக்கூட எரியாது. ஆண்கள் வாசலில் வந்து உட்காருவார்கள், பெண்கள் உள்ளே பிணத்தைச் சுற்றி உட்காருவார்கள், ஊர் 'பேரப்பிள்ளைகள்' என்று கூப்பிடும் குழிவெட்டிகள் இடுகாட்டுக்குப் போவார்கள். அவர்களில் பாதிப்பேருக்குத் தலை நரைத்துவிட்டது, ஆனாலும் ஊருக்கு அவர்கள் பேரப்பிள்ளைகள்தான். டயிலெசியின் வாசலில் ஒரு கோழிதான் மேய்ந்துகொண்டிருந்தது.

சாவதற்கு இரண்டு நாள் முன்பு அவள் உபதேசியார் செஃபானியாவின் கையைப் பிடித்து ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். "உங்க வாயால ஜெபம் சொல்லித்தான் என்னைப் புதைக்கணும். சாவு வீட்டு முகமூடி ஆட்டமெல்லாம் எனக்கு வேண்டாம்." அவரும் சரி என்று சொல்லிவிட்டார்.

பத்தொன்பது வருஷம் புகையிலைத் தோட்டத்தில் இலை கட்டியவர் செஃபானியா. சம்பளத்தில் பாதியைக் குடித்தே தீர்த்தவர். ஒருநாள் குடி நின்றது, வேதாகமம் கைக்கு வந்தது. இரண்டு வருஷம் படித்து முடித்ததும் தலைமைச் சபை ஒரு சைக்கிளைக் கொடுத்து, போய் ஒரு சபையைத் தொடங்கு என்று காலுமோவுக்கு அனுப்பியது. முதல் பஞ்சத்திலேயே மனைவி பிறந்த ஊருக்குப் போய்விட்டாள். இவர் போகவில்லை. பிடிவாதத்துக்கு அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மாமரத்தடியில் ஒரு பழைய லாரிச் சக்கர வளையத்தைக் கட்டித் தொங்கவிட்டு, ஞாயிறுதோறும் கல்லால் தட்டினார். முதலில் வந்தவள் டயிலெசி, பிள்ளையில்லாத விதவை. நாலு வருஷத்தில் அது பதினாறு பேர் ஆயிற்று, பதினாறும் பெண்கள். ஆமென் சொல்ல ஓர் ஆண் குரல் இல்லையே என்று அவர் அழாத நாளில்லை. "ஒரே ஒரு ஆம்பளை கொடும் ஆண்டவரே" என்று மாமரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்பார். ஆம்பளைகள் அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு கள் குடிக்கப் போனார்கள்.

அந்த ஆத்திரத்தில்தான் அவர் ஒரு சட்டம் போட்டார். சாவு வீட்டில் கள்ளும் முகமூடி ஆட்டமும் நடக்கிறது, ஆகவே சபையார் யாரும் ஊர்ச் சாவுக்குப் போகக்கூடாது. தலைமைச் சபை அப்படி எதுவும் சொல்லவில்லை, இது அவர் மண்டையில் உதித்தது. குழி வெட்டுகிறவர்களின் தலைவன் கம்ப்விரியின் அம்மா செத்தபோது நசோகோ என்ற பெண் சட்டத்தை மீறி இடுகாடுவரை போனாள். அடுத்த ஞாயிறே அத்தனை பேர் முன்னாலும் சபைப் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்புப் பென்சிலால் அடித்தார். "டயிலெசியைப் பாருங்க. அந்தப் பக்கம் தலைவச்சாவது படுத்திருப்பாளா?" என்று கேட்டார். டயிலெசி தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார் மனுஷன்.

புதன்கிழமை காலையில் மாமரத்துக்குப் பின்னால் அவரே குழி தோண்டத் தொடங்கியிருந்தார். மண்ணா அது, சுட்ட செங்கல். முழங்கால் ஆழம் போவதற்குள் உள்ளங்கை கிழிந்தது, மண்வெட்டிக் காம்பு இரண்டாக முறிந்தது. சபைப் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"ஐயா, வாடை அடிக்க ஆரம்பிச்சிருச்சு" என்றாள் ஒருத்தி.

காம்பைக் கீழே போட்டுவிட்டுக் கம்ப்விரி வீட்டுக்கு நடந்தார். அவன் நிழலில் உட்கார்ந்து கோடரி தீட்டிக்கொண்டிருந்தான். செஃபானியா புழுதியில் மண்டியிட்டார்.

"என்ன உபதேசியாரே, வழி தவறிட்டீங்களா? மாமரம் அந்தப் பக்கம்ல இருக்கு."

"குழி வெட்டித் தாங்கண்ணே."

"எங்கம்மா சாவுக்கு நீங்க வந்தீங்களா?"

கம்ப்விரி கோடரியைத் திருப்பி மறுபக்கம் தீட்டினான்.

"நல்லதுக்கு வராதவன மன்னிச்சிரலாம். கெட்டதுக்கு வராதவன் மனுசனா? நாங்க எங்கம்மாவத் தூக்கிட்டுப் போறப்ப, நீங்க மரத்தடியில பாட்டுப் படிச்சிக்கிட்டிருந்தீங்க. எனக்குக் கேட்டுச்சு."

"தப்பு என் மேலண்ணே. என்னை நாலு அடி வேணாலும் அடிங்க. அவ என்ன பாவம் செஞ்சா?"

கம்ப்விரி கோடரியைக் கீழே வைத்தான். "அவளுக்கு வெட்டத்தான் போறோம். நீங்க வந்து வாயத் திறந்து கேக்கட்டும்னு இருந்தோம். அவ எங்கம்மாவுக்கு வந்தா."

"யாரு?"

"டயிலெசிதான். பின்வாசல் வழியா, ஒரு தட்டு மாவு எடுத்துக்கிட்டு. எங்கம்மா கால்மாட்டுல உக்காந்து அழுதா. எங்கம்மாவுக்கு மட்டும் இல்ல, இந்த நாலு வருசத்துல அவ அழாத சாவு வீடே இல்ல. உங்களுக்குத் தெரியாதோ?"

அன்று டயிலெசி தலையைக் குனிந்துகொண்டது செஃபானியாவுக்கு நினைவு வந்தது.

"முகமூடி வராது. வேண்டாம்னு அவளே எம் பொண்டாட்டிகிட்ட கேட்டுக்கிட்டா" என்றான் கம்ப்விரி. "ஆனா ஒண்ணு. எங்க சாவுல அழுதவங்கதான் இடுகாட்டுக்குள்ள வரலாம். நீங்களும் உங்க ஆளுகளும் வேலிக்கு வெளிய."

"ஜெபம் சொல்றேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"உள்ள வர உரிமை இருக்கிறவங்க யாராவது சொல்லட்டும்."

சாயங்காலம் பேரப்பிள்ளைகள் டயிலெசியைக் கோரைப்பாயில் சுற்றித் தூக்கி வந்தார்கள். ஊரே பின்னால் வந்தது. இடுகாட்டைச் சுற்றியிருந்த கள்ளி வேலியின் வாசலில் சபையார் பதினாலு பேரும் நின்றுவிட்டார்கள். சொன்னபடி கேட்ட பதினாலு பேர். செஃபானியாவுக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பிணத்துக்குப் பின்னால் நசோகோ வந்தாள். நேற்றிலிருந்து பிணத்தைக் குளிப்பாட்டி, ஈ விரட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"நசோகோ, கொஞ்சம் நில்லு. உள்ள நீதான் ஜெபம் சொல்லணும்."

"நானா? எம் பேர அடிச்சிட்டீங்களே ஐயா."

"ஆமா."

"அப்ப எந்தச் சபைக்காரின்னு சொல்லி ஜெபிக்கட்டும்?"

"கம்ப்விரி அம்மா சாவுக்கு டயிலெசியும் வந்தான்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

"பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? பென்சில எடுத்தீங்க, அடிச்சீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவளையும் சொல்லியிருந்தா உங்களுக்கு யாருய்யா மிச்சம்?"

அவர் வேதாகமத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை. "எனக்குத்தான் படிக்கத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கள்ளிச் செடிகளுக்கு நடுவே தலைகள் மட்டும் தெரிந்தன. பாயைக் குழிக்குள் இறக்கினார்கள். கம்ப்விரி என்னவோ சொன்னான், கூட்டம் அடங்கியது. நசோகோவின் குரல் வெளியே தெளிவாகக் கேட்டது.

"ஆண்டவரே, இவ டயிலெசி. இவளுக்குப் பிள்ள இல்ல. எல்லார் வீட்டுப் பிணத்துக்கும் அழுதா. உம்மையும் விடல, எங்களையும் விடல. இவள வாங்கிக்கும். எங்க உபதேசியாரு வெளிய நிக்கிறாரு. அவரையும் பாத்துக்கும். ஆமென்."

"ஆமென்" என்றார்கள் பேரப்பிள்ளைகளும் மற்ற ஆண்களும். கம்ப்விரியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. முப்பது நாற்பது ஆண் குரல்கள் இருக்கும். நாலு வருஷமாக மாமரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டதெல்லாம் இதைத்தான்.

பின்னால் நின்ற பதினாலு பெண்களும் அவர் ஆமென் சொன்னால் சொல்லலாம் என்று காத்திருந்தார்கள். அவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. உள்ளே மண் விழத் தொடங்கியது.