பருந்தின் காலில் சிவப்பு

அருள்புரத்தில் பனியன் வேஸ்ட் குடோனில் துணி தரம் பிரிக்கிறேன். குடோனுக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. அங்கே வேப்பமரத்தில் ஒரு பருந்து கூடு கட்டியிருந்தது. எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை.

மழை விட்டால் ஈசல் பிடிக்கும். பனிக்காலத்தில் சோளம் அறுத்த காட்டில் எலி தூக்கும். பங்குனி வெயிலில் ஈசலும் இல்லை, எலியும் வளைக்குள் போய்விடும். கூட்டில் அதன் குஞ்சு வேறு கத்துகிறது. அந்த நேரம் பார்த்து எங்கள் கோழிக்குஞ்சு இரண்டைக் காணவில்லை.

ஒரு மத்தியானம் பருந்து காலில் சிவப்பாக எதையோ தூக்கிக்கொண்டு கூட்டுக்குப் போனது. கறிதான் என்று நினைத்தேன். கூட்டைக் கலைக்கத் தொரட்டியை எடுத்தேன்.

"ஏனுங்க, கொஞ்சம் இருங்க" என்றாள் வீட்டுக்காரி. "கறி எங்காச்சும் காத்துல படபடன்னு ஆடுமுங்களா?"

நிமிர்ந்து பார்த்தேன். கூட்டின் ஓரத்தில் பனியன் துண்டு தொங்கியது. காலையில் நான் பிரித்துப் போட்ட சிவப்பு அது.

"வேஸ்ட் பிரிக்கறவருக்கே வேஸ்ட் தெரியலீங்க" என்று சிரித்தாள்.

"அப்ப நம்ம குஞ்சு எங்க போச்சு?"

"கோழிக்கடைக்காரர் கொடலு கொட்டறாருங்க. அத உட்டுட்டு இங்க எதுக்குங்க வருது?"

மரத்தடியில் தேடினேன். கோழிக்கடையில் வெட்டிப்போட்ட கோழிக்கால்கள்தான் காய்ந்து கிடந்தன. குஞ்சின் இறகு ஒன்றுகூட இல்லை. தொரட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மிச்சக் குஞ்சுகள்மேல் கூடையைக் கவிழ்த்து மூடினேன். பருந்து குஞ்சைத் தூக்கவில்லை என்று நான் இன்னும் சொல்லமாட்டேன். கூட்டை மட்டும் தொடவில்லை.