வெள்ளை என்று மட்டும் சொன்னார்கள்

நான் வயதுக்கு வந்து கொஞ்ச நாளில் உள்ளாடையில் ஈரம் தெரிய ஆரம்பித்தது. அம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறிப்போனது. வெள்ளைப்படுது, உடம்புச் சத்தெல்லாம் இறங்குது என்று சொல்லி, பார்லி அவித்து குடிக்கக் கொடுத்தார். அதற்குமேல் பேச்சில்லை. செர்டாங் பக்கம் நாங்கள் இருந்த எஸ்டேட்டில் பெண்கள் இந்தச் சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். மெலிந்து போனவளைப் பார்த்தால் அவளுக்கு அது இருக்கிறது, எலும்பை உருக்குகிறது என்பார்கள். நானும் மெலிந்துதான் இருந்தேன். அதனால் என் எலும்பு உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது என்று பல வருடம் நம்பினேன்.

ஆனால் எனக்குக் கவனிக்கிற பழக்கம் இருந்தது. எல்லா நாளும் அது ஒரே மாதிரி வருவதில்லை. சில நாட்கள் ஒன்றுமே இருக்காது. மாதத்தின் நடுவில் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக, விரலில் இழுத்தால் நூலாக நீளும். மாதவிலக்கு நெருங்கும்போது கெட்டியாகி, கஞ்சி காய்ந்தது போல் துணியில் ஒட்டும். கரைகிற எலும்பு இப்படி முறை வைத்துக் கரையுமா என்று யோசித்திருக்கிறேன். யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

கல்யாணமாகி செமிலிங் வந்தபிறகு சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். முழு உடம்பையும் மூடுகிற மொத்தமான உடுப்பு, அதற்குள் வியர்வை. கூட வேலை செய்த ஒரு அக்கா, வெற்றிலைச் சாறு கலந்த ஒரு திரவத்தை ஃபார்மசியில் விற்கிறார்கள், உள்ளே விட்டுக் கழுவினால் சுத்தமாக இருக்கும் என்றார். வாசனையாக இருந்தது. தினமும் கழுவினேன். கொஞ்ச காலத்தில் அரிப்பு வந்தது. உட்கார முடியாத அரிப்பு. வெள்ளையும் வழக்கம்போல் இல்லை, பால் திரிந்தது போல் கட்டி கட்டியாக இருந்தது. நான் இன்னும் அதிகமாகக் கழுவினேன். சிறுநீர் கழிக்கும்போது எரிய ஆரம்பித்தபிறகுதான் அரசாங்க கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் ஒரு மலாய் பெண் டாக்டர். என்னைவிட இளையவராக இருப்பார். இதை மலாயில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரே, "கெபுத்திஹானா?" என்று கேட்டார். புத்தே என்றால் வெள்ளை. அவர்களும் இதற்கு வெள்ளையை வைத்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்ததும் எனக்குப் பாதி கூச்சம் போய்விட்டது.

என்ன நிறம், வாடை உண்டா, அரிப்பு உண்டா, அடிவயிறு வலிக்கிறதா என்று கேட்டார். பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார். பூஞ்சைத் தொற்று என்று உள்ளே வைக்கிற மாத்திரை கொடுத்தார். கழுவுகிற திரவத்தை நிறுத்தச் சொன்னார். உள்ளே நல்ல கிருமிகளும் இருக்கின்றன, அவற்றையும் சேர்த்துக் கழுவிவிடுகிறீர்கள், வெளியே வெறும் தண்ணீர் போதும் என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருடம் தேக்கி வைத்திருந்ததைக் கேட்டேன். அந்த முட்டை வெள்ளைக்கரு விஷயத்தை. அவர் சிரிக்கவில்லை. அது கருமுட்டை வெளிவருகிற சமயம், வாயில் எச்சில் ஊறுவது போல அந்த இடமும் தன்னைத்தானே ஈரமாக வைத்துக்கொள்கிறது, அது நோயில்லை, எதுவும் கரையவுமில்லை என்றார். அப்படியானால் எப்போதுதான் பயப்பட வேண்டும் என்றேன். பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ வந்தால், மீன் வாடை அடித்தால், அரிப்போ எரிச்சலோ இருந்தால், அடிவயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்தால், மாதவிலக்கு இல்லாத நாளிலோ உறவுக்குப் பிறகோ ரத்தம் கலந்து வந்தால் வரச் சொன்னார். விலக்கு நின்றுபோன பெண்களுக்கு எப்படி என்று சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் என்றாலும் காத்திருக்கக் கூடாது," என்றார்.

மருந்தில் எனக்குச் சரியாகிவிட்டது. அந்த வாக்கியம் மட்டும் மனதில் தங்கிவிட்டது.

மாமனார் இறந்தபிறகு என் மாமியார் எங்களோடு வந்துவிட்டார். தன் துணியைத் தானே துவைத்து, கொடியில் மற்ற துணிகளுக்குப் பின்னால் காயப்போடுவார். ஒரு மத்தியானம் திடீரென்று மழை பிடித்தது. நான் ஓடிப்போய் எல்லாத் துணியையும் அள்ளிக்கொண்டு வந்தேன். மடிக்கும்போது அவருடைய உள்பாவாடையில் பழுப்புக் கறை இருந்தது. துவைத்தும் போகாத கறை.

காப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு, டுரியான் பழம் சாப்பிட்ட சூடு என்றார். டுரியான் காலம் முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டதே என்றேன். அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"தீபாவளிக்கு முன்னாலேர்ந்து வருதும்மா. தண்ணி மாதிரி, லேசா செவப்பா. இந்த வயசுல இத யார்கிட்ட போய் சொல்றது?"

"எங்கிட்ட சொல்லலாம் அத்தை. நானும் இதுக்கு டாக்டர பாத்திருக்கேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் கதையை முழுக்கச் சொன்னேன், வெற்றிலைத் திரவம் வரைக்கும். ஆண் டாக்டர் பார்ப்பாரா என்று மட்டும் கேட்டார். பெண் டாக்டர்தான் என்றதும், மறுநாள் காலையில் எனக்கு முன்பே புடவை கட்டித் தயாராக இருந்தார்.

கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்து துளி சதையைச் சோதனைக்கு எடுத்தார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. என் கணவர் அம்மாவிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் அவர் அறையின் ஃபேனைக் கழற்றித் துடைத்து மாட்டினார். புற்றுதான், ஆனால் ஆரம்பம், வெளியே பரவவில்லை என்றார்கள். கர்ப்பப்பையை எடுத்தார்கள். இப்போது சொல்லும்போதெல்லாம் பரிசோதனைக்குப் போய்வருகிறோம்.

ஆபரேஷன் முடிந்து முதல்முறை பரிசோதனைக்குப் போனபோது, டாக்டர் பார்த்து முடித்ததும் கதவு வரை போன மாமியார் திரும்பி நின்றார். எடுத்த பையை என்ன செய்தார்கள் என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னார். நான் மலாயில் கேட்டேன். லேபுக்குப் போய்விட்டது, துண்டுதுண்டாக வெட்டிப் பார்த்திருப்பார்கள் என்று டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

"நாலு பிள்ள இருந்த எடம். ஒரு தடவ காட்டியிருக்கலாம்லா," என்றார்.

எவ்வளவு பெரிது என்றாவது சொல்லச் சொன்னார். டாக்டர், மாமியாருடைய மூடிய கையைவிடச் சிறியது என்றார். காரில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமியார் கையை மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார்.